எட்டாங்கட்டையின் கடைசிப் பெட்டி

டப்பாவைச் சுற்றிக் கட்டியிருந்தது ரப்பர் வளையம் இல்லை.

பிரேமலா நெற்றிக்கு ஏற்றியிருந்த மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பல்கலைக்கழக வளாகத்தின் நடுவில், யாரும் மணி பார்க்காத சூரிய கடிகாரத்தின் பீடத்தில், ஆடுகிற செங்கல் ஒன்றை உருவினால் உள்ளே கையளவு பொந்து இருக்கும். அதற்குள் அவள் கணவர் குமரவேல் மூன்று வருடத்துக்கு முன் ஒளித்து வைத்த சின்ன பிளாஸ்டிக் டப்பா. சிவப்பு ரப்பர் வளையத்தை இரண்டு சுற்று சுற்றித்தான் அவர் வைப்பார். இப்போது அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு நார் இருந்தது. தொட்டால் விரலோடு ஒட்டியது, இழுத்தால் நீண்டது. மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த வாடை.

ஒட்டுப்பால். பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், வெட்டுக்காயத்தில் வழிந்து இறுகுகிற பாலைக் கீறி எடுத்தால் கிடைப்பது. இன்று காலையில் கீறியதுபோல் ஈரம் காயாமல் இருந்தது.

இந்த மண்ணில் கடைசியாகப் பால் வெட்டி இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது.

"பசங்க யாராச்சும் வெளையாடியிருப்பாங்க," என்றாள்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒட்டுப்பால் எங்கலா கெடைக்கும்?" என்றார் குமரவேல்.

அவர் இறந்து நாளையோடு ஒரு வருடம். ஆனாலும் பிரேமலா ஏதாவது கேட்டால் அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சோறு வடிக்கும்போதும், கதவைப் பூட்டும்போதும், படுக்கையின் வலப்பக்கம் சுருக்கம் விழாமல் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போதும் அவள் கேட்பாள், அவர் சொல்வார். முப்பத்திரண்டு வருடம் கேட்ட குரல் தலைக்குள் தானாகவே பேசும். பிள்ளை இல்லாத வீடு. அந்தக் குரலும் நின்றுவிட்டால், அங்கே ஐஸ்பெட்டியின் உறுமலைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

இந்த விளையாட்டே அவருடையதுதான். ஜியோகேஷிங். உலகம் பூராவும் ஆட்கள் டப்பாக்களை ஒளித்து வைத்துவிட்டு, இடத்தை இணையத்தில் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். கண்டுபிடித்தவர்கள் உள்ளே இருக்கும் நோட்டில் பேரெழுத வேண்டும். பெரிய பெட்டியாக இருந்தால் சாமான்களும் இருக்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு, குமரவேல் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். "ஒண்ண எடுத்தா ஒண்ண வைக்கணும். அதே மதிப்புக்கு வைக்கணும். புடிக்கலன்னா எடுக்காத. எடுத்துட்டா பேரம் முடிஞ்சுது."

டப்பா கிடைத்ததும் கத்த மாட்டார். பின்னால் வந்து அவள் தோளில் ஆட்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். கண்டுபிடிச்சாச்சு என்று அர்த்தம். ஒரு வருடமாக அந்தத் தோளை யாரும் தொடவில்லை.

அவர் இங்கே பௌதிக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். பல்கலைக்கழகம் வருவதற்கு முன் இது எட்டாங்கட்டை ரப்பர் தோட்டம். அவர் பிறந்த லயம், தோட்டத்து ஆட்களின் வரிசைவீடு, இருந்த இடத்தில் இப்போது நூலகம் நிற்கிறது. வளாகத்தில் நான்கு இடம் பார்த்து அவர் டப்பா வைத்தார். சூரிய கடிகாரம், பாறைத் தோட்டம், மழைமானி, கடைசியாகத் தாவரவியல்காரர்கள் வெட்டாமல் விட்டு வைத்திருக்கும் பன்னிரண்டு பால்மரங்கள். முதல் மூன்று டப்பாவின் மூடியிலும் ஒரு எண் இருக்கும். மூன்றையும் சேர்த்தால்தான் நாலாவது பெட்டியின் பூட்டு திறக்கும்.

அந்த நாலாவது பெட்டிக்குள்தான் பிரேமலா அதை வைத்திருந்தாள்.

தகனம் முடிந்த மறுநாள், அஸ்தி எடுக்கப் போனபோது, தட்டில் பரப்பி வைத்திருந்த எலும்புகளில் ஒன்றே ஒன்றை, சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து, ஊதினால் பறந்துவிடும்போல் இருந்த ஒரு விரல் நுனியை, யாரும் பார்க்காத நேரத்தில் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். மற்றதெல்லாம் ஆற்று முகத்துவாரத்தில் கரைந்துபோனது. அதை மட்டும் பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு, அவருக்குப் பிடித்த இடத்திலேயே இருக்கட்டும் என்று இங்கே கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் வைத்தால் ஆகாது என்பார்கள். இங்கே வைத்தால் என்ன? தப்பாக எதுவும் தோன்றவில்லை அப்போது.

எண் எழுதியிருந்த சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்து, சலவை இயந்திரத்தில் கூழாகிவிட்டது. அதனால்தான் இன்று முதலிலிருந்து சுற்ற வேண்டியிருக்கிறது. நாளை விடியற்காலை ஒரு வருடத் திதி. படகுத்துறையில் ஐயர் வருவார். அதற்குள் அந்த எலும்பு அவள் கையில் இருக்க வேண்டும். அவரோடு போய்ச் சேர வேண்டும்.

டப்பாவின் மூடியில் அவர் கையெழுத்தில் 4. உள்ளே சுருட்டி வைத்த நோட்டு. அளவுகோல் வைத்து அவர் கோடு போட்ட கட்டங்கள்: பெயர், தேதி. மாணவர்களின் கிறுக்கல்கள் போன வருடத்தோடு நின்றிருந்தன. அதற்கடுத்த கட்டத்தில் பெயர் இல்லை. ஒரு கைநாட்டு. பழுப்பு மையில், ரேகை ரேகையாகத் தெளிவாக, கட்டைவிரலின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது.

அவள் நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். வானம் முழுக்க மேகம். கடல் பக்கமிருந்து மழை வரப்போகும் காற்று. வெயில் என்று ஒரு கீற்றும் இல்லை. ஆனால் சூரிய கடிகாரத்தின் முள்ளுக்குக் கீழே ஒரு நிழல் விழுந்து கிடந்தது. கறை என்று நினைத்துக் கையால் துடைத்தாள். நிழல் அவள் புறங்கைமேல் ஏறிப் படுத்தது. ஆறு மணியில் நின்றது.

கைப்பேசியில் ஐந்து நாற்பது.

"ஆறு மணின்னா பெரட்டு," என்றார் குமரவேல். "விடியக்கால ஆறு."

"பேசாம வாங்க," என்றாள் பிரேமலா.

பெரட்டு என்ற சொல்லை இன்று அவளே ஒரு தடவை வாயால் சொல்லியிருந்தாள். வாசலில், கார் சன்னலை இறக்கி, பாலன் என்ற காவலாளியிடம். முப்பது வயது இருக்கும். புதிதாக வந்தவன், குமரவேலைப் பார்த்ததில்லை.

"ஆன்ட்டி தனியாவா? செமஸ்டர் லீவு ஆன்ட்டி, உள்ள ஒரு காக்கா கூட கெடையாது. போரடிச்சா என்னைய கூப்புடுங்க, நானும் வந்து போரடிக்கிறேன்."

"வீட்டுக்காரர் வேல செஞ்ச எடம் தம்பி. சும்மா ஒரு நடை."

"ஏழரைக்கு கேட்டு பூட்டிருவேன். ஒரு ஆள்னு எழுதியிருக்கேன், வெளிய வர்றப்பவும் ஒரு ஆள் கையெழுத்து போடணும். உள்ள போன தலையும் வெளிய வர்ற தலையும் சரியா இல்லன்னா நான் வீட்டுக்குப் போக முடியாது."

"தோட்டத்துப் பெரட்டு மாதிரி இருக்கே."

"அப்படின்னா?"

"விடியக்கால வேலைக்கு முன்னால மண்டோர், அதான் கங்காணி, ஆளுங்க தல எண்ணுறது. ஒரு தல கொறஞ்சாலும் விடமாட்டான்."

"அட, அப்ப நான் மண்டோரு!" என்று பாலன் சிரித்தான்.

காரைச் சூரிய கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு நடந்தாள். பாறைத் தோட்டத்துக்குப் போக ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். மாணவர் விடுதிகளின் சன்னல்கள் வரிசையாகச் சாத்திக் கிடந்தன. யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு துண்டு மூன்றாவது மாடிக் கொடியில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஏரியில் அல்லியிலைகளுக்கு நடுவே குமிழ்கள் வந்து வந்து உடைந்தன, அடியில் யாரோ மெதுவாக மூச்சுவிடுவதுபோல. இந்த நேரத்துக்குக் கூரைகளில் கும்பலாக உட்கார்ந்து கூத்தடிக்கும் குரங்குகள் ஒன்றுகூட இல்லை. அவள் செருப்புச் சத்தம் மட்டும். பிறகு, செருப்புச் சத்தத்துக்கு நடுவே, இன்னொன்று.

தகரத்தில் தகரம் உரசும் சத்தம். பால் வெட்டுகிறவர்கள் தூக்கிப்போகும் வாளியின் கைப்பிடி ஆடும்போது வருமே, அது.

நின்றாள். அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். பாதை, விளக்குக் கம்பங்கள், ஏரி. கைப்பேசி அலறியதும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. சபாக்கிலிருந்து நாத்தனார் கலாவதி.

"அண்ணி, எங்க இருக்கீங்க? வீட்டு போன் அடிச்சு அடிச்சு கை வலிக்குது."

"அண்ணன் வேல செஞ்ச எடத்துக்கு வந்தேன் கலா."

"திரும்ப அந்த டப்பா பொறுக்குற வெளையாட்டா? அவருதான் சின்னப் புள்ளையாட்டம் சுத்துனாருன்னா, ஐம்பத்தெட்டு வயசுல உங்களுக்கு என்னா அண்ணி?" குரல் இறங்கியது. "நேத்தும் வந்தாரு அண்ணி. கனவுல."

பிரேமலா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாசல்லயே நிக்கிறாரு. வலது கைய வேட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டு. உள்ள வாங்கண்ணே, சாப்புடுங்கன்னு எலை போட்டேன். கோழிக்கறி. அவருக்கு எவ்வளோ புடிக்கும்! கைய வெளிய எடுக்கவே இல்ல. எலையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அண்ணி... அஸ்தி எடுத்தப்ப எல்லாத்தையும் கரைச்சிட்டோம்தானே?"

"கரைச்சிட்டோம்."

"எதுவும் விட்டுப் போகலையே?"

"நாளைக்கு எல்லாம் சரியாயிரும் கலா. நீ ஐயருக்குப் போன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். சரி, யாரு அது பக்கத்துல? வாளி சத்தம் கேக்குது. தண்ணி மொண்டுகிட்டு போறாங்களா?"

பிரேமலா கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"யாரும் இல்ல," என்றாள்.

பாறைத் தோட்டத்தில் ஆளுயரக் கற்கள் பெயர்ப்பலகையோடு வட்டமாக நின்றன. சுண்ணாம்புக்கல், ஈயக்கல், அம்பாங் பெச்சா பக்கமிருந்து லோரியில் கொண்டுவந்த பெரிய கருங்கல். கருங்கல்லின் அடியில் டப்பா. அதையும் ஒட்டுப்பால் நார் சுற்றியிருந்தது. மூடியில் 1. நோட்டில் அதே கைநாட்டு, அதே சாய்ந்த தழும்பு. விரல் வைத்துப் பார்த்தாள். பிசுபிசுத்தது.

"யாருங்க இது?" என்று கேட்டாள்.

குமரவேல் ரொம்பத் தூரத்திலிருந்து சொல்வதுபோல், முன்பு ஒரு நாள் இங்கே நின்று சொன்னதையே மறுபடி சொன்னார். "தோட்டத்த வித்தப்போ இடுகாட்ட மாத்துறோம்னு சொன்னாங்க பிரேமா. கல்லுல பேரு வெட்டியிருந்தவங்கள மாத்துனாங்க. கைநாட்டுக்காரனுக்கு ஏது கல்லு, ஏது பேரு? அவங்கெல்லாம் அந்தப் பன்னெண்டு மரத்துக்குப் பின்னால அப்படியே கெடக்குறாங்க."

அப்போது அவள் கேட்டிருந்தாள்: "அப்ப ஏன் அங்க போய் பெட்டி வைக்கிறீங்க?"

"அவங்களுக்கும் யாராச்சும் வந்து போகட்டுமேலா."

அந்தப் பேச்சு ஒரு வருடத்துக்கு முன், ஃபிலிம் டப்பாவைப் பெட்டிக்குள் வைத்தபோது, அவள் நினைவுக்கு வரவே இல்லை.

மழைமானி வானிலைக் கூண்டுக்குப் பக்கத்தில், கம்பி வேலிக்குள் புல்தரையில் நட்டு வைத்திருந்த கண்ணாடிக் குழாய். எவ்வளவு மழை பெய்தது என்று பக்கத்தில் கோடு கோடாக அளவு. நான்கு நாளாக மழை இல்லை. குழாய் நிறைந்திருந்தது. வெள்ளையாக. விளிம்பில் ஆடை கட்டி, ஒரு துளி வெளியே வழிந்து, பாதியில் இறுகித் தொங்கியது. காற்று நின்றுவிட்டது. புளித்த வாடை மட்டும் நகராமல் முகத்தில் படிந்தது; வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டும்போல் இருந்தது.

பால்.

டப்பாவைத் திறந்தாள். 7. நோட்டைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நாலு, ஒண்ணு, ஏழு. நாலு, ஒண்ணு, ஏழு. வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். திரும்பிப் போய்விடலாம் என்று கால்கள் சொல்லின. வாசலில் வலது கையை மறைத்துக்கொண்டு நிற்பவரை நினைத்தாள். இலையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கோழிக்கறியென்றால் விரல் நுனிவரை வழித்து நக்குகிற மனுசன்.

"எடுத்துட்டுப் போயிடுவோம்," என்றாள். "ரெண்டே நிமிஷம்."

"ம்," என்றார் அவர். மிக மெல்ல.

ஆறு ஐம்பது. பன்னிரண்டு மரங்களும் இரண்டு வரிசையாக நின்றன. அவற்றுக்கு அடியில் வெளியே இருந்ததைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக இருட்டியிருந்தது. பழைய வெட்டுத் தழும்புகள் ஏறிப் பருத்த அடிமரங்கள். ஒவ்வொன்றிலும், பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பியில் மாட்டிய ஒரு மங்கு. பால் பிடிக்கும் அந்தக் கிண்ணங்களை மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வராமலிருக்கக் கவிழ்த்துத்தான் வைத்திருப்பார்கள். அவள் வந்தபோதெல்லாம் கவிழ்ந்துதான் இருந்தன.

இப்போது பன்னிரண்டும் நிமிர்ந்திருந்தன. பன்னிரண்டும் நிறைந்திருந்தன. பட்டையில் புது வெட்டு. வெட்டிலிருந்து பால் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

சொட்டு. சொட்டு.

பன்னிரண்டாவது மரத்தின் வேருக்கடியில் கையை விட்டாள். சருகு. ஈரம். இரும்பு. பெட்டியை இழுத்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. எண் சக்கரங்களில் துரு, யாரும் திருப்பியதாகத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் வந்தது. யாரும் திறக்கலை. யாரும் தொடலை. நாலு. ஒண்ணு. ஏழு. பூட்டு விட்டுக்கொண்டது.

பொம்மைக் கார், சாவிக்கொத்து, தாய்லாந்துக் காசு, பல்கலைக்கழக பேட்ஜ். கறுப்பு ஃபிலிம் டப்பா. காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே உருண்டது. சிரித்துக்கூட விட்டாள். மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினாள்.

கனமாக இருந்தது.

அவரோடது கனமில்லை. சுண்ணாம்புக்கட்டி. ஊதினால் பறக்கும். வெள்ளை. இது பழுப்பு. மண் நிறம். துளைகளில் செம்மண் அப்பியிருந்தது. மெல்லிய வேர் ஒன்று அதன் உள்ளே புகுந்து வெளியே வந்திருந்தது. நெருப்பு பார்க்காத எலும்பு. அதே அளவு. அதே விரல் நுனி.

கைப்பேசி வெளிச்சத்தில் நோட்டைப் பிரித்தாள். இந்த நோட்டில் மட்டும் நான்கு கட்டங்கள். பெயர், தேதி, எடுத்தது, வைத்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கைநாட்டு. 'எடுத்தது' என்ற இடத்தில் வெள்ளைச் சாம்பல் ஒரு தீற்றல். 'வைத்தது' என்ற இடத்தில் செம்மண் ஒரு தீற்றல்.

சட்டப்படி.

"என்னங்க," என்றாள்.

பதில் இல்லை.

"என்னங்க, யாரோ எடுத்துட்டாங்க. நான் என்னா செய்யட்டும்? சொல்லுங்க."

பால் சொட்டுவது கேட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. தலைக்குள் அவர் இருந்த இடத்தைத் தேடிப் போனாள். சோறு வடிக்கும்போது பேசுகிறவர், கதவு பூட்டும்போது பேசுகிறவர். அவர் எப்படிப் பேசுவார் என்பது தெரிந்தது, குரல் வரவில்லை. சாமான் எடுத்த பிறகு அலமாரியில் தூசு படியாத சதுரம் ஒன்று மிஞ்சுமே, அப்படி ஒரு இடம் மட்டும் மிஞ்சியிருந்தது.

மண்டியிட்டு வேரடியை இரண்டு கையாலும் தோண்டினாள். நகத்துக்குள் மண் ஏறியது. வெள்ளையாக எதுவும் இல்லை. ஏழு பத்து. பாலன் ஏழரைக்குப் பூட்டிவிடுவான். நாளைக்குப் படகுத்துறையில் ஐயர் கை நீட்டுவார். கலா பார்த்துக்கொண்டே நிற்பாள். வெறுங்கையை எப்படி நீட்டுவது? யாரிடமாவது காட்டிக் கேட்கலாம். திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவருடையதைக் கேட்கலாம். கையில் ஏதாவது இருந்தால்தானே கேட்க முடியும்?

பழுப்பு எலும்பைத் துப்பட்டா முனையில் வைத்தாள். அன்றைக்கு முடிந்ததுபோலவே முடிந்தாள்.

முடிச்சை இறுக்கிய அந்த நொடியில் பன்னிரண்டு மரத்திலும் பால் சொட்டுவது நின்றது.

அப்போதுதான் அந்த வாசகம் ஞாபகம் வந்தது. அவர் குரலில் அல்ல. அவள் குரலிலேயே. எடுத்துட்டா பேரம் முடிஞ்சுது.

ஓடினாள். மழைமானியைத் தாண்டி. கற்களைத் தாண்டி. பின்னால் வாளிச் சத்தம் வரும் என்று காத்துக்கொண்டே ஓடினாள். வரவில்லை. அது வராததுதான் இன்னும் பயமாக இருந்தது. வேலை முடிந்து வாளியைக் கீழே வைத்துவிட்டவன் எப்படி நடப்பான்? சத்தமில்லாமல் நடப்பான்.

கார். சாவி. கதவு. உள்ளே ஏறி நான்கு கதவையும் பூட்டினாள். நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தாள். மூச்சு. மூச்சு.

காரின் பின்பக்கம் மெல்ல ஒரு தரம் தாழ்ந்தது. யாரோ உட்கார்ந்தால் தாழுமே, அப்படி.

புளித்த வாடை.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, பார்க்காமலே, உள்கண்ணாடியை மேல்கூரைப் பக்கம் திருப்பிவிட்டாள். வண்டியை எடுத்தாள். ரோட்டை மட்டும் பார்த்தாள். வெள்ளைக்கோடு. வெள்ளைக்கோடு. விளக்குக் கம்பம். முடிந்து வைத்த துப்பட்டா முனை மடியில் கல்லாகக் கனத்தது.

வாசலில் பாலன் டார்ச் லைட்டோடு நின்றிருந்தான். நோட்டுப் புத்தகம் கக்கத்தில்.

"ஏழு இருவத்தாறு! மண்டோருக்கு பயந்து சரியா வந்துட்டீங்களே ஆன்ட்டி." சன்னலை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினான். அவள் இறக்கினாள். டார்ச் வெளிச்சம் அவள்மேல் பட்டது. அவளைத் தாண்டிப் பின்னால் போனது. அங்கேயே நின்றது.

"ஆன்ட்டி, உள்ள போறப்ப ஒரு ஆள்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அங்கிள் எங்க ஏறுனாரு?"

அவள் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

"வணக்கம் அங்கிள்," என்றான் பாலன். கொஞ்சம் பொறுத்தான். "பேசமாட்டாரா? தோட்ட வேலயா ஆன்ட்டி? சட்டையெல்லாம் ஒரே மண்ணு." தலையைச் சொறிந்தான். "இப்ப என் கணக்கு ஒதைக்குதே. எத்தன பேருன்னு எழுதட்டும்?"

இல்லை என்று சொல்லியிருப்பாள். யாரும் இல்லை தம்பி, லைட்ட நல்லா அடிச்சுப் பாருங்க, கதவத் தொறங்க, என்னைய எறங்க விடுங்க. எல்லாச் சொல்லும் தொண்டைவரை வந்துவிட்டன.

இடது தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது.

தலையைத் திருப்பவில்லை. கண் மட்டும் போனது. செம்மண் அப்பிய நகங்கள். கட்டைவிரலின் குறுக்கே சாய்வாக ஒரு பழைய வெட்டு. ஈர மண்ணின் குளிர் துணியைத் தாண்டி இறங்கியது. முழுக்கப் பழுப்பான கை. ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு மட்டும் வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை. அந்த விரலுக்குக் கொஞ்சம் பொருந்தாமல், ஒட்டுப்பால் நாரால் சுற்றிக் கட்டி வைத்திருந்தது.

அந்த வெள்ளை நுனி எழுந்தது.

டக், டக்.

அதே அழுத்தம். அதே இடைவெளி. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. நகரவில்லை அவள். தோளை விலக்கவில்லை.

"ரெண்டுன்னு போட்டுக்கவா ஆன்ட்டி?"

"போட்டுக்குங்க தம்பி," என்றாள் பிரேமலா.

பாலன் ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினான். நோட்டைச் சன்னல் வழியாக நீட்டினான். "நீங்க ஒண்ணு, அங்கிள் ஒண்ணு. கையெழுத்து."

அவள் போட்டாள். அடுத்த கட்டம் காலியாக இருந்தது. அவள் தோளிலிருந்து கை எழுந்தது. கன்னத்தை உரசியபடி, மண் உதிர, அவளைத் தாண்டி வெளிச்சத்துக்குள் நீண்டது. கட்டைவிரலை அந்தக் கட்டத்தில் வைத்து, ஒருமுறை அழுத்தி எடுத்தது.

பிறகு திரும்பி வந்து, தன் இடம்போல, அவள் தோளில் உட்கார்ந்துகொண்டது.

டக், டக்.